ஏரப்பண்ணனுக்கு அண்ணி சொன்ன பதில்

திரிகூட வானொலி நிலையத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கூடக் கூட்டிச் சொல்லமாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்லப் போகிறேன். அதைவிடப் பெரிய கெடுதலை அவர்களுக்கு யாரும் செய்துவிட முடியாது.

என் பெயர் இசக்கிப்பாண்டி. அறுபத்து நாலாம் வருஷம் நான் அச்சன்புதூர் வானொலி மன்றத்தின் செயலாளர். செயலாளர் என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சாயத்து ஆபீஸில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் ரேடியோவைச் சாயங்காலம் ஆறரைக்குத் திறக்க வேண்டும், ஏழரைக்குப் பூட்ட வேண்டும். மாதா மாதம் நிலையத்துக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் மூன்று கேள்விகள். ஒலி தெளிவாக இருந்ததா? கேட்டோர் எத்தனை பேர்? மகிழ்ந்தோர் எத்தனை பேர்?

முதல் மாதம் நான் விவரம் தெரியாமல், கேட்டோர் நாற்பது, மகிழ்ந்தோர் ஆறு என்று எழுதிவிட்டேன். படிவம் திரும்பி வந்தது. ‘மகிழ்ந்தோர் எண்ணிக்கை கேட்டோர் எண்ணிக்கையை விடக் குறைதல் ஆகாது’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் பேட்டரி செத்து, முப்பது நாளும் ரேடியோ வாயைத் திறக்கவில்லை. நாற்பது, நாற்பது என்று எழுதி அனுப்பினேன். மன்றத்தின் பணி பாராட்டத்தக்கது என்று கடிதம் வந்தது.

நிலையம் தென்காசியில் இருந்தது. ‘ஏரும் ஊரும்’ என்று ஞாயிறுதோறும் பத்து நிமிட நிகழ்ச்சி நடத்தினார்கள். அதன் அமைப்பாளர் சிவசுப்பிரமணியன். எங்கள் மன்றத்தைத் திறந்து வைக்க வந்தபோது அவர் பேசியது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். “நாங்கள் மக்களின் குரல். ஆகவே மக்கள் இனித் தனியாகக் குரல் கொடுக்க வேண்டிய சிரமம் இல்லை” என்றார். நாங்களும் கைதட்டினோம். கைதட்டவும் ஓர் ஆளை அவரே கூட்டி வந்திருந்தார். அவர் தட்டினார், நாங்கள் தொடர்ந்தோம்.

அவர்களுடைய ஒழுங்கைக் குறை சொல்லவே முடியாது. பண்பொழியில் நடக்கவிருந்த கபடிப் போட்டி மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. வர்ணனை மட்டும் குறித்த நாளில் குறித்த நேரத்தில் ஒலிபரப்பாகிவிட்டது. அதில் பண்பொழி ஜெயித்தது. அடுத்த வாரம் நிஜமாக ஆடியபோது பண்பொழி தோற்றது. ஏன் தோற்றீர்கள் என்று விளக்கம் கேட்டு நிலையத்திலிருந்து அந்தப் பையன்களுக்குக் கடிதம் போனது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் தண்ணீர்.

எங்கள் நெடுங்குளம் அந்த வருஷம் ஆனிச் சாரலிலேயே நிறைந்துவிட்டது. குளத்தில் அலையடிக்கிறது, வயலில் மண் வெடித்துக் கிடக்கிறது. மடையின் இரும்புக் கதவு இறுகிப்போய்த் திறக்கவில்லை. ‘அரசு உடைமை, தொடுவோர் தண்டிக்கப்படுவர்’ என்று மடைமேல் ஒரு பலகை. போன வருஷம் கடப்பாரையோடு போன ஒருவரை போலீஸ் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தது. அதனால் முப்பது குடும்பம் கார் பருவத்து நாற்றைப் பாவிவிட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஊற்றி அதை உயிரோடு வைத்திருந்தது. நாற்றுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் நடாவிட்டால் கணு விட்டுப்போகும். அப்புறம் அது மாட்டுக்குத்தான் ஆகும்.

அந்த முப்பது குடும்பத்தில் ஒன்று தங்கத்தாய் மதினியுடையது. எனக்குத் தூரத்து உறவில் அண்ணன் பெண்சாதி. அண்ணன் பட்டாளத்தில், காஷ்மீர்ப் பக்கம் இருந்தார். பதினைந்து மரக்கால் நெல் விதைக்கிற அளவு வயலையும் மதினிதான் கட்டி ஆண்டாள். நாற்றுப் பாவிய நாளிலிருந்தே பாசன அலுவலகத்துக்கு நாலு மனுப் போட்டிருந்தாள். பதிலே இல்லை. ‘உங்கள் குறைகளை எங்களுக்கு எழுதுங்கள்’ என்று ரேடியோவில் சொன்னதை நம்பி ஐந்தாவது மனுவை நிலையத்துக்குப் போட்டாள். எட்டாம் நாள் பதில் வந்துவிட்டது. ‘ஏரும் ஊரும்’ நிகழ்ச்சியில் வந்து பேசுமாறு அழைப்பு.

“பாத்தீரா கொழுந்தனாரே! ஊமையா இருக்க பிள்ளைக்கு அம்மா சோறு போடுவாளா? கேட்டம்லா, கிடைச்சிட்டு” என்று மதினி துள்ளினாள். ஒரு பிடி நாற்றைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு தென்காசி பஸ் ஏறினாள். நாற்றைப் பார்த்தால் எவனுக்கும் புரியும் என்பது அவள் கணக்கு.

முதலில் குரல் தேர்வு. சிவசுப்பிரமணியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மதினி நாற்றைத் தூக்கிக் காட்டி மடையைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணைத் திறந்து, “அம்மா, உங்க குரல்ல விவசாயம் இல்லையே” என்றார்.

“வயல்ல இருக்குய்யா. குரல்ல எப்படி இருக்கும்?”

“நேயர்களுக்கு விவசாயின்னா ஒரு குரல் பழகியிருக்கு. அது ஏரப்பண்ணன் குரல்தான்.”

ஏரப்பண்ணன் என்பவர் நிலையத்துச் சம்பளக் கலைஞர். நிஜப் பெயர் வல்லிநாயகம். வேட்டியில் சேறு படும் என்று வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரைக்கூடச் சுற்றிப் போகிற மனுஷர். ஆனால் ஐந்து தாலுகா அவரிடம்தான் உழவு கற்றுக்கொண்டது. இன்னொரு விசேஷமும் உண்டு. தாளில் இல்லாத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வராது. தாளில் இருப்பது எதுவும் வராமலும் போகாது. ஒருமுறை ‘இங்கே சிரிக்கவும்’ என்று அடைப்புக்குள் எழுதியிருந்ததையும் உருக்கமாக வாசித்துவிட்டார். அதற்கும் படிவத்தில் நான் நாற்பது பேரை மகிழவைத்திருக்கிறேன்.

“அதோட, பெண்கள் பேசறது வெள்ளிக்கிழமை, மாதர் மன்றத்துல” என்றார் சிவசுப்பிரமணியன். “கூழ்வத்தல் பத்தி நீங்க தாராளமாப் பேசலாம்.”

“வத்தல் போடத்தான்யா இப்ப வயலு லாயக்கு. அவ்வளவு காய்ஞ்சு கிடக்கு.”

“உங்க வீட்டுக்காரர் வந்து பேச முடியாதா?”

“காஷ்மீர்ல இருக்காவ. கூப்பிட்டா எல்லையை யாரு பாக்கது, நீங்க போறீங்களா?”

அவர் யோசித்தார். நிலையத்தில் யோசித்தால் நடுவழி ஒன்று பிறந்துவிடும். ஏரப்பண்ணனின் வயலை மதினி பார்க்க வருவதாகவும், அவர் கேட்கக் கேட்க அண்ணி பதில் சொல்வதாகவும் முடிவாயிற்று. வசனத்தை அவர்களே எழுதி, தட்டச்சு அடித்து நீட்டினார்கள். மதினி எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“‘ஆமாங்கண்ணே, நம்ம நெடுங்குளத்து மடையில தண்ணி சும்மா தளதளன்னு பாயுதுங்கோ.’ இதென்னய்யா இது? எங்க மடை திறக்கலன்னு சொல்லத்தான நான் வந்தேன்?”

“அம்மா, இது மகிழ்ச்சியான நிகழ்ச்சி. குறையைச் சொன்னா கேக்கறவங்க மகிழ்ந்தோர் கணக்குல குறைஞ்சிடுவாங்க.”

“சரி, ‘பாயுதுங்கோ’ன்னு எவன் பேசுதான்? இது எந்த ஊருப் பேச்சு?”

“பொதுவான கிராமத்துப் பேச்சு.”

“அந்த ஊருக்கு எந்த பஸ்ல போகணும்?”

சிவசுப்பிரமணியன் கோபிக்கவில்லை. அதிகாரிகள் கோபிக்கமாட்டார்கள், விதியைக் காட்டுவார்கள். சுவரில் இரண்டு விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. ஒன்று, எழுதாததைப் பேசக்கூடாது. பேசினால் மதினியின் மைக்கை மட்டும் மூடிவிடுவார்கள். ஏரப்பண்ணன் தன் பங்கை வாசித்துக்கொண்டே போய்விடுவார். இரண்டு, ஒலிபரப்பில் மௌனம் கூடாது. பத்து விநாடிக்கு மேல் மௌனம் நேர்ந்தால் பணியில் இருந்த அத்தனை பேரும் மேலிடத்துக்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

“மௌனம்னா அவ்வளவு பயமாய்யா?” என்று மதினி கேட்டாள்.

மைக் விசைகளைக் கவனிக்கும் குத்தாலிங்கம்தான் பதில் சொன்னான். “பொய்யச் சொன்னா மன்னிச்சிருவாவ அக்கா. சும்மா இருந்தா மன்னிக்க மாட்டாவ.”

மதினி சுவர்ப்பக்கம் போய் இரண்டாவது விதியை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

ஒலிபரப்பு தென்காசியில் இல்லையாம். குற்றாலத்தில், அருவிக்குப் பக்கத்து பங்களாவில் இருந்து நேரடியாகச் செய்யப்போகிறார்களாம். நெடுங்குளத்துச் சேதியைக் குற்றாலத்தில் இருந்து ஏன் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். “மடையில் தண்ணீர் பாயும் சத்தம் இயற்கையாக வேண்டும். அருவிதான் பக்கத்தில் இருக்கிறதே” என்றார் சிவசுப்பிரமணியன். சீசன் நேரம் என்பதை அவர் சொல்லவில்லை. சீசன் முடிகிற வரைக்கும் எங்கள் வட்டாரத்து உழவு, உரம், பூச்சி, கோழிக்கழிச்சல் எல்லாமே குற்றாலத்தில் இருந்துதான் ஒலிபரப்பாகும்.

அவர்கள் நோக்கம் அங்கே வைத்துத்தான் எனக்கு விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போனோம். தலையில் எண்ணெய் வழிய, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பாசன அதிகாரி ஆவுடைநாயகம் உட்கார்ந்திருந்தார். மதினியைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தார்.

“வாங்கம்மா. இன்னைக்கு உங்க வாயால தண்ணி பாயுதுன்னு சொல்லிட்டீங்கன்னா, உங்க அஞ்சு மனுவும் தீர்ந்த கணக்கு. நானும் நிம்மதியா இன்னொரு குளி போடுவேன்.”

“மடை திறந்திருமாய்யா?”

“மனு தீர்ந்துரும்.”

மதினி இதைச் சொன்னால் முப்பது குடும்பத்து நாற்றும் போயிற்று. இனி எவன் மனுப் போட்டாலும், ‘உங்க ஊரு அம்மாவே ரேடியோவுல சொல்லிட்டாளே’ என்று காட்டிவிடுவார்கள். உள்ளதைச் சொன்னாலோ மைக்கை மூடிவிடுவார்கள். “மதினி, வாங்க, பஸ்ஸப் பிடிச்சு வீட்டப் பாத்துப் போவோம். இந்தப் பீடை நமக்கு வேண்டாம்” என்றேன். அவள் நாற்றுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்து, “சும்மா இருங்க கொழுந்தனாரே” என்றாள்.

மணி ஆறரை. ஊரில் ரேடியோவைத் திறக்கச் சொல்லிப் பஞ்சாயத்து மெம்பர் சொக்கம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். அருவி கொட்டுகிற சத்தம் உள்ளே வந்தது. ஆவுடைநாயகம் அதைக் கேட்டுவிட்டு, “நல்லாப் பாயுது” என்றார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“வாங்க அண்ணி, வாங்க! வயக்காட்டுப் பக்கம் உங்களப் பாத்து எம்புட்டு நாளாச்சு! மடையில தண்ணி எப்படிப் பாயுது?” என்று ஏரப்பண்ணன் கேட்டார்.

மதினி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஏரப்பண்ணன் ஒரு விநாடி தாளைப் பார்த்தார். தாளில் அடுத்தது அவர் வசனம். “அடேங்கப்பா! கேக்கவே குளுகுளுன்னு இருக்கே அண்ணி! நாத்தெல்லாம் எப்படி?”

மதினி அவர் முகத்தையே பார்த்தாள்.

“அப்படிச் சொல்லுங்க! பாசன அதிகாரிமார்கள் அடிக்கடி வந்து பாக்கிறாங்களா?”

ஜன்னலுக்கு வெளியே அருவி.

“ஆகா, ஆகா! தினமுமா! அவங்க பேரச் சொல்லிப் பொங்கலே வைக்கலாமே அண்ணி!”

சிவசுப்பிரமணியன் கைகளை ஆட்டினார், கும்பிட்டார், கடைசியில் தரையில் உட்கார்ந்து மதினியின் காலைத் தொடப்போனார். குத்தாலிங்கம் அவள் மைக்கை மூடலாமா என்று விரலைக் கொண்டுபோனான். அவள் எழுதாததை எதுவும் பேசவில்லையே, எந்த விதிப்படி மூடுவது? விரலை எடுத்துவிட்டான். ஏரப்பண்ணன் ஒருவரே கேட்டு, ஒருவரே வியந்து, ஒருவரே சிரித்து, பத்து நிமிட வசனத்தை நாலு நிமிடத்தில் முடித்துவிட்டார். “போயிட்டு வாங்க அண்ணி” என்றார். இன்னும் ஆறு நிமிடம் கிடந்தது.

இப்படி ஆபத்துக்கென்றே இசைத்தட்டுப் பெட்டி ஒன்று உண்டு. வேனில் இடம் போதாமல் அதைத் தென்காசியிலேயே இறக்கிவிட்டு, எண்ணெய்த் தூக்கையும் சீயக்காய் டப்பாவையும் ஏற்றி வந்திருந்தார்கள். தென்காசியில் இருந்து எதையாவது போடச் சொல்லலாமே என்றால், அங்கே பணியில் இருக்க வேண்டியவரும் அருவிக்குக் குளிக்க வந்துவிட்டார். நிலையத்தில் பணியில் இருந்தது பூட்டு ஒன்றுதான்.

“ஏழு… எட்டு…” என்று குத்தாலிங்கம் விநாடியை எண்ணினான்.

“வாசியும்! எதையாவது வாசியும்!” என்று சிவசுப்பிரமணியன் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக் கையால் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். வல்லிநாயகம் கீழ்ப்படிகிற மனுஷர். பக்கத்தைப் புரட்டினார்.

நிலையத்தில் ஒரு வழக்கம். எந்த நிகழ்ச்சியானாலும் அது எதனால் உண்டாயிற்று என்பதற்கான கடிதங்கள் எல்லாவற்றையும் வசனத் தாளுக்கு அடியில் நூல் போட்டுக் கட்டி வைத்துவிடுவார்கள். ஒழுங்கு.

ஏரப்பண்ணன் அதே குழைவோடு வாசித்தார்: “‘மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு, அச்சன்புதூர் தங்கத்தாய் எழுதிக்கொண்டது. நெடுங்குளம் நிறைந்திருக்கிறது. மடைக்கதவு திறக்கவில்லை. முப்பது குடும்பத்து நாற்று முற்றுகிறது. ஐயா, இது ஐந்தாவது மனு.’”

மதினியின் கண் நிறைந்துவிட்டது. ஐந்து முறை எழுதியதை அன்றைக்குத்தான் ஒருவர் வாசித்தார்.

ஏரப்பண்ணன் பக்கத்தைப் புரட்டினார். “‘ரகசியம்’” என்று குரலைத் தாழ்த்தி, கதை சொல்கிற மாதிரி வாசித்தார். “‘பாசன அதிகாரியின் குறிப்பு. மனுதாரர் சொல்வது உண்மை. கதவின் மேல்திருகாணி ஒன்று தேய்ந்துள்ளது. புதிதாக ஒரு திருகாணி போட்டால் போதும். ஆனால் போன ஆண்டே போட்டுவிட்டதாக நாம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியுள்ளோம். இப்போது போட்டால் அந்த அறிக்கை பொய்யாகிவிடும். ஆகவே மனுதாரரையே வானொலிக்கு அழைத்து, தண்ணீர் பாய்வதாகச் சொல்லவைப்பது நலம்.’”

ஆவுடைநாயகத்தின் தோளில் இருந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது. “நிறுத்துங்கய்யா! அத நிறுத்துங்க!” என்று கத்தினார். அதுவும் ஒலிபரப்பில் போயிற்று.

சிவசுப்பிரமணியன் குத்தாலிங்கத்தைப் பார்த்தார். குத்தாலிங்கம் சுவாமி சந்நிதியில் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “நிறுத்தினா மௌனம் ஆயிரும் சார்” என்றான்.

“‘வானொலி நிலையத்தின் மேற்குறிப்பு’” என்று ஏரப்பண்ணன் தொடர்ந்தார். “‘யோசனை சிறந்தது. அருவிச் சத்தத்தை மடைச் சத்தமாகப் பயன்படுத்தலாம். ஒப்பம், சிவசுப்பிரமணியன்.’ இங்கே சிரிக்கவும்.” அந்தக் கடைசி வரியை எவனோ பென்சிலில் எழுதி வைத்திருந்தான். குத்தாலிங்கம் கூரையைப் பார்த்தான்.

விளக்கு அணைந்தது. சிவசுப்பிரமணியன் எழுந்து வந்தார். குரல் அழுகிற மாதிரி இருந்தது. “ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?”

மதினி என் கையில் இருந்த நாற்றை வாங்கிக்கொண்டாள். “நீங்க என்ன கேட்டீங்க? மடையில தண்ணி எப்படிப் பாயுதுன்னு கேட்டீங்க. எங்க மடையில என்ன சத்தம் வருதோ, அதத்தான்யா சொன்னேன்” என்றாள்.

நாங்கள் பஸ் மாறி ஊர் போய்ச் சேர்வதற்குள் குளத்தங்கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. ரேடியோ கெட்டுவிட்டது என்று முதலில் நாலு பேர் பெட்டியைத் தட்டினார்களாம். சொக்கம்மாள்தான், “தட்டாதீங்கடா, தங்கம் பேசாம இருக்கா, அது கூடவா புரியல” என்று அதட்டினாளாம். சுரண்டையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் சேக் தாவூதும் கேட்டிருக்கிறார். “ஒரு திருகாணிக்கா இந்தப் பாடு?” என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ‘தொடுவோர் தண்டிக்கப்படுவர்’ பலகையில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலை பார்த்தார். முப்பது குடும்பமும் பலகையைச் சுற்றி நின்றது. இரும்புத் தண்டு முதலில் முனகியது, அப்புறம் கிறீச்சிட்டது, அப்புறம் கதவு எழும்பியது. இருட்டில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. குற்றாலத்துச் சத்தம் மாதிரி இல்லை. அதில் பாதி கூட இல்லை. ஆனாலும் கிழவர்கள்கூடக் குலவையிட்டார்கள்.

மறுநாள் போலீஸ் வந்தது. மதினி முழங்கால் சேற்றோடு வயலில் இருந்து ஏறி வந்தாள். “திருகாணி போட்டாப் போதும்னு கவர்மெண்டு ரேடியோவுல சொன்னாவ. கவர்மெண்டு பேச்சக் கேட்டது குத்தமாய்யா?” என்று கேட்டாள். ஏட்டய்யா எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, நடவைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசியில் எனக்குப் படிவம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளதை எழுதினேன். ஒலி தெளிவாக இருந்ததா? மௌனம் மிகத் தெளிவாக இருந்தது. கேட்டோர் நாற்பது. மகிழ்ந்தோர் முந்நூற்றுப் பன்னிரண்டு.

எட்டாம் நாள் சிவப்பு மையில் கடிதம் வந்துவிட்டது. ‘மகிழ்ந்தோர் எண்ணிக்கை கேட்டோர் எண்ணிக்கையை விட மிகுந்துள்ளது எவ்வாறு? ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’

கடிதத்தை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினேன். நட்ட நாற்று பச்சை பிடித்திருந்தது. மதினி வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்டி, என்ன பதில் எழுதலாம் என்று கேட்டேன்.

மதினி கஞ்சியைக் குடித்து முடித்து, சட்டியை வாய்க்காலில் அலம்பினாள். “ஒண்ணும் எழுதாதீங்க கொழுந்தனாரே. சும்மா இருங்க. அதுக்குத்தான் அவனுவ பயப்படுதானுவ.”